ராஸ்பெர்ரி பையில் ரேம் குறைவாகக் காட்டுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப் போர்டு கணினியின் பெட்டியில் 4 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறது. போர்டைக் கிளப்பிப் பார்த்தால் 3.7 என்கிறது. வேறொருவருக்கு 8 ஜிபி போர்டில் 3 ஜிபிதான் தெரிகிறது. இன்னொருவருக்கு மொத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு புரோகிராமும் ஓடாதபோதே பாதி ரேம் போய்விடுகிறது. மூவரும் சொல்வது ஒன்றுதான்: "ரேம் காணவில்லை." ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாமவருக்குச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பையின் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. மேசைக் கணினியில் இருப்பதுபோல ஸ்லாட்டில் தளர்ந்துபோக வழியில்லை. பெரும்பாலான மாடல்களில் மொத்த ரேமும் ஒரே சில்லுக்குள் இருப்பதால், அதில் கோளாறு வந்தால் போர்டு பூட் ஆகாது, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே தாறுமாறாக நின்றுபோகும். அளவு குறைந்தும் மற்றபடி ஒழுங்காக ஓடுகிறது என்றால், ஏதோ ஒரு மென்பொருள் அடுக்கு அந்த ரேமை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். எந்த அடுக்கு என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எஸ்டி கார்டை அழித்து மறுபடி எழுதுவதும், ஜிபியுவுக்கான (திரைக் காட்சியைக் கவனிக்கும் செயலி) ஒதுக்கீட்டைக் குறைத்துப் பார்ப்பதும், போர்டைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதும் நேரத்துக்குக் கேடு.

கீழே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். அடிக்கோடு, சமக்குறி, சாய்கோடு எல்லாம் அப்படியே.

முதலில் மூன்று எண்களை எடுங்கள்

சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம், பிடித்தம், கைக்கு வருவது என்று தனித்தனி வரிகள் இருப்பதுபோல ரேமுக்கும் உண்டு. போர்டில் எவ்வளவு இருக்கிறது, ஃபர்ம்வேர் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எவ்வளவை ஒப்புக்கொள்கிறது, கெர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கைக்கு எவ்வளவு வந்தது என்று மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

போர்டில் இருப்பதை அறிய 'கேட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ' என்று கொடுத்து, கடைசியில் வரும் ரிவிஷன் வரியைப் பாருங்கள். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அதன் முதல் இலக்கம்தான் ரேம் அளவைச் சொல்கிறது: 9 என்றால் 512 எம்பி, 'ஏ' என்றால் 1 ஜிபி, 'பி' 2 ஜிபி, 'சி' 4 ஜிபி, 'டி' 8 ஜிபி, 'இ' 16 ஜிபி. சி03111 என்பது 4 ஜிபி பை 4. டி04170 என்பது 8 ஜிபி பை 5. 902120 என்பது 512 எம்பி ஜீரோ 2 டபிள்யூ. இது தொழிற்சாலையிலேயே போர்டில் பதிந்த குறியீடு. 'கான்ஃபிக்.டிஎக்ஸ்டி' என்ற அமைப்புக் கோப்பில் என்ன எழுதினாலும் மாறாது. ஆறுக்கு மேல் இலக்கங்கள் இருந்தால் கடைசி ஆறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு இலக்கம் மட்டும் வந்தால் அது பழைய தலைமுறை போர்டு. முதல் மாடல் பி 2012-ல் 256 எம்பியோடு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் 512 ஆனது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 0002 முதல் 0006 வரை உள்ள குறியீடுகள் 256 எம்பி மாடல் பி. 000டி, 000இ, 000எஃப் மூன்றும் 512 எம்பி. பழைய போர்டைக் கைமாற்றி வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஃபர்ம்வேர் ஒப்புக்கொள்வதை அறிய 'விசிஜென்சிஎம்டி கெட்_கான்ஃபிக் டோட்டல்_மெம்' என்று கொடுங்கள். 4 ஜிபி போர்டில் 4096 வர வேண்டும்.

கெர்னலின் கைக்கு வந்ததை 'டிஎம்இஎஸ்ஜி' வெளியீட்டின் தொடக்கத்தில் 'மெமரி:' என்று ஆரம்பிக்கும் வரி சொல்லும். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது கெர்னலிடம் ஒப்படைக்கப்பட்டது; இடப்பக்கம் இருப்பது தன் தேவைக்கு ஒதுக்கியது போக மிச்சம். அதே வரியில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, சிஎம்ஏவுக்குத் (கேமரா, திரை போன்றவை கேட்கும் தொடர்ச்சியான ரேம்) தனியாக எவ்வளவு என்பதும் இருக்கும். 'ஃப்ரீ -எச்' காட்டும் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் பலர். இந்த ஒரு வரி அதைவிட எத்தனையோ மடங்கு பயனுள்ளது.

ரிவிஷன் குறியீடே குறைவான அளவைச் சொன்னால், உங்களிடம் இருப்பது நீங்கள் நினைத்த போர்டு அல்ல. ரிவிஷன் சரி, ஃபர்ம்வேர் குறைத்துச் சொல்கிறது என்றால் கான்ஃபிக் கோப்பைத் திறக்க வேண்டும். இரண்டும் சரி, கெர்னலிடம் குறைகிறது என்றால் கெர்னல் வரியிலோ, கெர்னலின் வகையிலோ, ஃபர்ம்வேர் கோப்புகளின் ஜோடியிலோ சிக்கல். மூன்றுமே சரி என்றால் ரேம் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. செலவழிப்பது யார் என்பதுதான் கேள்வி.

அறிகுறி: கொஞ்சம்தான் குறைகிறது. 4 ஜிபியில் 3.7, 1 ஜிபியில் 900 சொச்சம், 512-ல் 430 போல

இது பழுதல்ல. எங்கே போகிறது என்று 4 ஜிபி பை 4-ஐ வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மொத்தம் 4096 எம்பி. இதில் ஜிபியுவுக்கான இயல்பு ஒதுக்கீடு 76 எம்பி. 1 ஜிபிக்குக் குறைந்த போர்டுகளில் இது 64. அடுத்து, 4 ஜிபி முகவரி எல்லையின் உச்சியில் 64 எம்பி இடத்தைச் சாதனங்களின் பதிவேடுகள் பிடித்துக்கொள்கின்றன. அந்த முகவரிகளுக்குப் பின்னால் உள்ள ரேமைத் தொட முடியாது. மிச்சம் 3956 எம்பி. கெர்னலின் 'மெமரி:' வரியில் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் 4050944கே என்று வந்தால் அது இதே எண்தான். 1024-ஆல் வகுத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு கெர்னல் தன் பங்கை எடுக்கிறது. ரேமின் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் அளவில் ஒரு குறிப்பை 64 பிட் கெர்னல் வைத்துக்கொள்ளும். 4 ஜிபிக்கு அது மட்டுமே சுமார் 62 எம்பி. எல்லா ரேமையும் நேரடியாக எட்ட முடியாத சாதனங்களுக்காக 64 எம்பி இடைத்தாங்கல் ஒன்று. பிறகு கெர்னலின் சொந்த உடம்பு. இவ்வளவும் போனால் ஏறக்குறைய 3800 எம்பி நிற்கும். 1024-ஆல் வகுத்தால் 3.7. 'ஃப்ரீ -எச்' காட்டுவதும் அதைத்தான்.

பை 5 வைத்திருப்பவர்கள் தங்கள் 8 ஜிபி போர்டில் 7.9 வரை வருவதையும், பை 4-ல் 7.6 அல்லது 7.7-தான் வருவதையும் ஒப்பிட்டுக் குழம்புவதுண்டு. பை 5-ன் இயல்பான கெர்னல் 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துகிறது. பக்கங்களின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைவதால் குறிப்புகளுக்கான செலவும் நான்கில் ஒன்று. 'கெட்கான்ஃப் பேஜ்சைஸ்' என்று கொடுத்தால் (இரண்டாவது சொல் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) 16384 என்று வரும். ஜிபியுவுக்கான பழைய பாணி ஒதுக்கீடும் பை 5-ல் பெயரளவுக்குத்தான்.

டெஸ்க்டாப்பே இல்லாமல் சர்வராக ஓடும் 512 எம்பி அல்லது 1 ஜிபி போர்டு என்றால் மட்டும் கான்ஃபிக் கோப்பில் 'ஜிபியு_மெம்=16' என்று கொடுத்து ஐம்பது அறுபது எம்பியை மீட்கலாம். சிறிய போர்டில் அது மதிப்புள்ள தொகை. 4 ஜிபி போர்டில் அதைச் செய்வதற்கு நான் காரணம் காணவில்லை. 16 என்று கொடுத்தால் ஃபர்ம்வேரின் வெட்டிச் சுருக்கிய பதிப்பு ஏறும். வீடியோ கோடெக் போன்றவை அதில் இருக்காது.

அறிகுறி: 'விசிஜென்சிஎம்டி கெட்_மெம் ஆர்ம்' 948 எம்பி என்கிறது, ஆனால் போர்டு 4 அல்லது 8 ஜிபி

பொய்ப் பதற்றம். இந்தக் கட்டளைக்குப் பதில் தரும் ஜிபியு ஃபர்ம்வேருக்கு முதல் 1 ஜிபி மட்டுமே தெரியும். 1024-லிருந்து ஜிபியுவின் 76-ஐக் கழித்து 948 என்று சொல்லிவிடுகிறது. பை 4-ல் எவ்வளவு ரேம் இருந்தாலும் இதே பதில்தான். இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் மேலே சொன்ன மூன்றையும் பாருங்கள்.

அறிகுறி: முழு எண்ணாகக் குறைகிறது. 8-ல் 4, 4-ல் 3, 4-ல் 1

குறைவு இப்படி வெட்டியதுபோல இருந்தால், எங்கோ ஒரு வரி அப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

'கான்ஃபிக்.டிஎக்ஸ்டி' கோப்பில் 'டோட்டல்_மெம்=' என்று தொடங்கும் வரி இருக்கிறதா? பெரிய போர்டைச் சிறிய போர்டுபோல நடிக்கவைத்துச் சோதிப்பதற்காக ஃபர்ம்வேரிலேயே இருக்கும் வசதி இது. 'டோட்டல்_மெம்=1024' என்று கொடுத்தால் 4 ஜிபி போர்டு 1 ஜிபி போர்டாகிவிடும். சோதனை முடிந்ததும் வரியை நீக்க மறந்தால் அந்த ரேம் திரும்ப வராது.

'டோட்டல்_மெம்=3072' என்று இருந்தால் அதற்கு ஒரு வரலாறே உண்டு. 2019-ல் உபுண்டு 19.10 வந்தபோது 4 ஜிபி பை 4-ல் யுஎஸ்பி போர்ட்டுகள் வேலை செய்யவில்லை. ரேமை 3 ஜிபியாகக் கட்டுப்படுத்தினால் வேலை செய்தது. அதனால் இந்த வரியைச் சேர்க்கச் சொன்னார்கள். கெர்னல் திருத்தப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் அன்றைய குறிப்புகள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன, அவற்றைப் பார்த்து எழுதிய கான்ஃபிக் கோப்புகள் கார்டிலிருந்து கார்டுக்கு நகலெடுக்கப்படுகின்றன. இந்த வரி கண்ணில் பட்டால் தயங்காமல் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். உபுண்டுவில் அதே காலத்தில் 'யூசர்சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி' என்ற தனிக் கோப்பும் இருந்தது, அதையும் பாருங்கள்.

அடுத்து 'சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி'. அந்த ஒற்றை நீள வரியில் எங்காவது 'மெம்=' என்று இருக்கிறதா? இதைக் கெர்னல் நேரடியாகப் படிக்கிறது. ஃபர்ம்வேர் 4096 என்று சொல்லியும் கெர்னலிடம் குறைந்தால் இதன்மேல் சந்தேகம் வலுக்க வேண்டும். உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் வரியைப் பார்க்க 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' போதும்.

வரியை நீக்கியும் மாற்றம் இல்லையா? நீங்கள் திருத்தியது சரியான கோப்புதானா என்று பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்புகள் '/பூட்/ஃபர்ம்வேர்' அடைவுக்கு மாறிவிட்டன. பழைய '/பூட்' இடத்தில் அதே பெயரில் இருக்கும் கோப்பில், இடம் மாறிவிட்டது, இதைத் திருத்தாதீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதன் அடியில் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. அதோடு, சதுர அடைப்பில் '[பை4]' என்று வந்தால் அதற்குக் கீழே உள்ளவை அந்த மாடலுக்கு மட்டும். '[ஆல்]' வரும்வரை அந்த வரம்பு நீடிக்கும். ஒரே கார்டை இரண்டு மாடல்களில் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஒரு போர்டில் குறைந்தும் மற்றொன்றில் நிறைந்தும் தெரிவது இதனால்தான்.

'ஜிபியு_மெம்_1024' போன்ற பழைய வரிகளையும் தேடுங்கள். போர்டின் ரேம் அளவைப் பொறுத்துப் பொதுவான 'ஜிபியு_மெம்' மதிப்பைத் தள்ளிவிட்டு இவை நடைமுறைக்கு வரும். 1024 என்று முடிவது 1 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எல்லாப் போர்டுகளுக்கும் பொருந்தும். ஒரு காலத்தில் மீடியா பிளேயருக்காகப் போட்ட 320 இன்றும் உங்கள் ரேமைத் தின்றுகொண்டிருக்கலாம்.

அறிகுறி: போர்டு எதுவானாலும் 256 எம்பி அல்லது அதற்கும் குறைவு

ஃபர்ம்வேர் கோப்புகளைக் கையால் நகலெடுத்தவர்களுக்கும், பில்ட்ரூட் போன்ற கருவிகளால் சொந்தமாக இமேஜ் கட்டுகிறவர்களுக்கும் வரும் சிக்கல் இது. பை 4 வரையிலான போர்டுகளில் பூட் பகிர்வில் 'ஸ்டார்ட்.எல்ஃப்', 'ஃபிக்ஸப்.டிஏடி' என்று ஜோடி ஜோடியாகக் கோப்புகள் இருக்கும். பை 4-க்கு 'ஸ்டார்ட்4.எல்ஃப்', 'ஃபிக்ஸப்4.டிஏடி'. போர்டில் உள்ள ரேமை ஜிபியுவுக்கும் செயலிக்கும் பிரிக்கும் வேலைக்கு ஃபிக்ஸப் கோப்பு அவசியம். அது இல்லாவிட்டாலோ வேறு பதிப்பைச் சேர்ந்ததாக இருந்தாலோ, பூட் ஆகும், எல்லாம் ஓடும், ஆனால் ரேம் மட்டும் ஆதிகாலத்துச் சிறிய அளவில் நின்றுவிடும். 'ஜிபியு_மெம்' வரியை மாற்றினாலும் பலன் இருக்காது. அதுவே ஒரு நல்ல அடையாளம்.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ் பயன்படுத்தினால் முதலில் 'டிஎஃப் -எச்' கொடுத்துப் பூட் பகிர்வில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாக மேம்படுத்திக்கொண்டே வந்த பழைய கார்டுகளில் அந்தப் பகிர்வு 100 எம்பிக்கும் குறைவு. மேம்படுத்தும் நடுவில் இடம் தீர்ந்தால் ஒரு கோப்பு புதியதாகவும் அதன் ஜோடி பழையதாகவும் நின்றுவிடும். இந்த ஒரு நிலையில் மட்டும், வேண்டிய கோப்புகளை எடுத்துவைத்துவிட்டுப் புதிய இமேஜை எழுதுவதுதான் சரியான வழி என்பேன். பழைய பகிர்வை இழுத்துப் பெரிதாக்கும் சிரமத்துக்கு அது எவ்வளவோ மேல். சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இரண்டு கோப்புகளையும் ஒரே வெளியீட்டிலிருந்து சேர்த்தே எடுக்க வேண்டும்.

பை 5-ல் இந்தச் சிக்கலே இல்லை. அதன் ஃபர்ம்வேர் போர்டிலுள்ள ஈப்ராம் என்ற நினைவகச் சில்லிலேயே இருக்கிறது.

அறிகுறி: 8 ஜிபி போர்டில் 4 ஜிபிக்குக் கீழே, அல்லது மொத்தம் சரி, ஒரு புரோகிராம் மட்டும் 3 ஜிபியில் செத்துப்போகிறது

இரண்டுமே 32 பிட் தொடர்பானவை. 32 பிட் முகவரியால் 4 ஜிபிவரைதான் எட்ட முடியும். அதைத் தாண்ட எல்பிஏஇ என்ற விரிவாக்கம் கெர்னலில் வேண்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் பை 4-க்கான 32 பிட் கெர்னலில் அது உண்டு. நீங்களே கட்டிய கெர்னலிலோ வேறு விநியோகத்திலோ அது விடுபட்டிருக்கலாம். 'யூநேம் -எம்' கொடுத்துப் பாருங்கள். 'ஏஆர்ச்64' என்று வந்தால் கெர்னல் 64 பிட். 'ஆர்ம்வி7எல்' என்று வந்தால் 32 பிட்.

எல்பிஏஇ இருந்தாலும் ஒரு தனிப் புரோகிராமுக்கு 3 ஜிபிதான் உச்சவரம்பு. 2020 மே மாதம் 8 ஜிபி பை 4 வெளிவந்தபோதே இது சொல்லப்பட்டது: பல புரோகிராம்கள் சேர்ந்து 8 ஜிபியைப் பகிரலாம், ஒன்றே முழுவதையும் எடுக்க முடியாது. தரவுத்தளமோ பெரிய கம்பைல் வேலையோ 3 ஜிபி அருகில் விழுந்து, அதே நேரம் 'ஃப்ரீ' நிறைய இடம் இருப்பதாகச் சொன்னால் காரணம் இதுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2023 முதல் 32 பிட் ஓஎஸ்ஸை நிறுவினாலும் பை 4-ல் 64 பிட் கெர்னலே இயல்பாக ஏறுகிறது. 'யூநேம்' 64 என்று சொல்லும். புரோகிராம்கள் 32 பிட்டாகவே இருக்கும். 'கெட்கான்ஃப் லாங்_பிட்' என்று கொடுங்கள் (இதிலும் இரண்டாவது சொல் பெரிய எழுத்தில்). வருவது 32 என்றால் 64 பிட் ஓஎஸ்ஸுக்கு மாறுங்கள். 2022 பிப்ரவரி முதல் அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. 32-லிருந்து 64-க்கு இருந்த இடத்திலேயே மாற்றுவதில் இறங்க வேண்டாம், புதிதாக நிறுவுங்கள்.

அறிகுறி: மொத்தம் சரி, 'ஃப்ரீ' நெடுவரிசையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை

'ஃப்ரீ' என்ற நெடுவரிசையை விட்டுவிட்டு 'அவெய்லபிள்' என்பதைப் பாருங்கள். படித்த கோப்புகளை லினக்ஸ் காலி ரேமில் வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். எஸ்டி கார்டு மெதுவானது என்பதால் பையில் இந்தத் தற்காலிகச் சேமிப்பு இரட்டிப்பு முக்கியம். அதைக் காலிசெய்யும் கட்டளையை நேரம் குறித்து ஓடவிடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். போர்டு மெதுவாகும், கிடைப்பது ஒன்றுமில்லை.

அறிகுறி: 'அவெய்லபிள்' குறைகிறது, ஆனால் எந்தப் புரோகிராமும் எடுத்ததாகத் தெரியவில்லை

உண்மையில் கவனம் கேட்கும் அறிகுறி இது. 'பிஎஸ்' பட்டியலைக் கூட்டினால் 300 எம்பிதான் வருகிறது, ஆனால் ஒரு ஜிபி போயிருக்கிறது. ரேமைப் பயன்படுத்துவது புரோகிராம்கள் மட்டுமல்ல என்பதால் இப்படி.

'ஃப்ரீ' வெளியீட்டில் 'ஷேர்டு' நெடுவரிசையைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ரேமிலேயே வாழும் கோப்பு அமைப்பு நிறைந்திருக்கிறது. 'டிஎஃப் -எச் -டி டிஎம்பிஎஃப்எஸ்' எந்த அடைவு என்று காட்டிக்கொடுக்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியனின் 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்பில் '/டிஎம்பி' அடைவு இயல்பாகவே ரேமுக்கு மாறிவிட்டது. மொத்த ரேமில் பாதிவரை வளரலாம். முன்பு கார்டில் இடம்பிடித்த தற்காலிகக் கோப்புகள் இப்போது ரேமில் இடம்பிடிக்கின்றன. படங்களை '/டிஎம்பி'யில் எழுதிவிட்டு அழிக்காத ஒரு சிறு கேமரா ஸ்கிரிப்ட் போதும், 1 ஜிபி போர்டு திணறிவிடும். அந்தப் புரோகிராமை நிறுத்தினாலும் ரேம் திரும்பாது. கோப்புகளை அழித்தால்தான் திரும்பும். பெரிய தற்காலிகக் கோப்புகளை '/வார்/டிஎம்பி'க்கு மாற்றிவிடுங்கள், அது கார்டில்தான் இருக்கிறது. எஸ்டி கார்டைக் காக்க லாக்2ரேம் நிறுவியிருந்தால் '/வார்/லாக்' அடைவும் ரேமில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து 'இசட்ரேம்சிடிஎல்'. இசட்ரேம் என்பது ஸ்வாப்போலத் (ரேம் நிறைந்தால் கார்டில் பிடிக்கும் இடம்) தோன்றும். ஆனால் சுருக்கிய வடிவில் ரேமிலேயே இருப்பது. அது பிடித்திருக்கும் இடம் எந்தப் புரோகிராமின் கணக்கிலும் வராது. சிறிய போர்டுகளில் இது நல்ல ஏற்பாடுதான், எடுக்க வேண்டாம். எங்கே போனது என்ற கணக்குக்காக மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் சிக்கவில்லை என்றால் '/ப்ராக்/மெம்இன்ஃபோ' கோப்பில் 'எஸ்அன்ரிக்ளெய்ம்' வரியைச் சில மணிநேர இடைவெளியில் குறித்துப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கெர்னலுக்குள்ளேயே கசிவு இருக்கிறது. வெளியிலிருந்து சேர்த்த வைஃபை டிரைவரைப் போன்ற மாட்யூல் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுக் கவனியுங்கள்.

அறிகுறி: கேமராவோ திரையோ ரேம் போதவில்லை என்கிறது, ஆனால் ரேம் இருக்கிறது

'டிஎம்இஎஸ்ஜி'யில் 'சிஎம்ஏ' என்ற எழுத்துகளோடு ஒதுக்கீடு தோற்றதாகச் செய்தி வருகிறதா? கேமராவும் திரையும் கேட்பது இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்கும் ரேம். அதற்கென ஒதுக்கியதுதான் சிஎம்ஏ. 'மெம்இன்ஃபோ'வில் 'சிஎம்ஏடோட்டல்', 'சிஎம்ஏஃப்ரீ' இரண்டையும் பாருங்கள். சிஎம்ஏ பகுதி மொத்தத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. தேவைப்படாதபோது அதைச் சாதாரணப் புரோகிராம்களும் பயன்படுத்தும். எனவே அந்த எண் பெரிதாகத் தெரிகிறதே என்று குறைக்கப் போகாதீர்கள்.

பலரும் இந்த இடத்தில் 'ஜிபியு_மெம்' மதிப்பை ஏற்றுகிறார்கள். பழைய கேமரா மென்பொருளுக்கு அது சரி, 128 தேவைப்பட்டது. லிப்கேமரா என்ற புதிய கேமரா மென்பொருளுக்கு வந்த பிறகு அப்படி ஏற்றுவது, பயன்படவேண்டிய ரேமையே குறைக்கிறது. மாற்ற வேண்டியது 'டிடிஓவர்லே=விசி4-கேஎம்எஸ்-வி3டி' என்ற வரி. அதன் முடிவில் காற்புள்ளி வைத்து 'சிஎம்ஏ-128' என்று சேர்க்கலாம். 'சிஎம்ஏ-256'க்குக் குறைந்தது 1 ஜிபி போர்டு வேண்டும். ஜீரோ 2 டபிள்யூவில் கேமராவையும் டெஸ்க்டாப்பையும் ஒன்றாக ஓட்ட முயல்கிறவர்கள் டெஸ்க்டாப்பை விட்டுவிடுவதே நடைமுறைக்கு உகந்தது.

அறிகுறி: டாக்கரில் எல்லாக் கண்டெய்னருக்கும் ரேம் 0

ராஸ்பெர்ரி பையில் மெமரி சிகுரூப், அதாவது ரேம் செலவைக் குழுவாரியாகக் கணக்கெடுக்கும் கெர்னல் வசதி, இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 'சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி' கோப்பின் அதே ஒற்றை வரியின் முடிவில், புது வரி தொடங்காமல், 'சிகுரூப்_எனேபிள்=மெமரி' என்று சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் கே3எஸ் தொடங்காமல் நின்றாலும் பெரும்பாலும் இதே மருந்துதான்.

அறிகுறி: ரேம் சில்லின்மேலேயே சந்தேகம்

பூட் ஆகாமல் பச்சை விளக்கு எட்டு முறை சிமிட்டி நிறுத்தி, மறுபடி எட்டு முறை சிமிட்டினால் அது எஸ்டிரேம் கோளாறுக்கான குறி. நான்கு முறை என்றால் 'ஸ்டார்ட்.எல்ஃப்' கிடைக்கவில்லை, ஏழு என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. அந்த இரண்டும் கார்டின் சிக்கல், ரேமின் சிக்கலல்ல. பொறுமையாக இரண்டு மூன்று சுற்று எண்ணுங்கள்.

பூட் ஆகி ஓடி, இடையிடையே காரணமின்றி விழுகிறது என்றால், ரேமைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' 0எக்ஸ்50000 என்று சொன்னால், கடந்த பூட்டிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. மெல்லிய யுஎஸ்பி ஒயரும் பலமில்லாத மொபைல் சார்ஜரும் நல்ல ரேமையும் கெட்டதுபோலக் காட்டும். ஓவர்கிளாக் (வேகத்தை இயல்புக்கு மேல் ஏற்றும்) வரிகள் இருந்தால் எல்லாவற்றையும் நீக்குங்கள். பை 3 வரையிலான போர்டுகளில் 'எஸ்டிரேம்_ஃப்ரீக்' வரி குறிப்பாக.

அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் 'மெம்டெஸ்டர்' நிறுவி, 'அவெய்லபிள்' அளவைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுத்து, சில சுற்றுகள் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஓடும் கெர்னல் பிடித்திருக்கும் பகுதியை அதனால் சோதிக்க முடியாது. மற்றதெல்லாம் சோதனைக்கு உள்ளாகும். நல்ல மின்சாரத்திலும், ஓவர்கிளாக் இல்லாமலும், வேறு கார்டில் புதிய ஓஎஸ்ஸிலும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் போர்டு பழுது. ரேம் சில்லை மட்டும் மாற்றுவது வீட்டில் செய்யும் வேலையல்ல.

விற்றவரிடம் மாற்றிக் கேட்கும்போது ரிவிஷன் குறியீடு, கெர்னலின் 'மெமரி:' வரி, 'கெட்_த்ராட்டில்டு' பதில், மெம்டெஸ்டரின் பிழை வரிகள் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். 8 ஜிபிக்குப் பணம் கொடுத்து 4 ஜிபி போர்டு வந்திருந்தால் ரிவிஷன் வரி ஒன்றே சாட்சி. பை 5 என்றால் ரேம் சில்லுக்குப் பக்கத்தில் 1ஜி, 2ஜி, 4ஜி, 8ஜி என்று அச்சிட்டு, உரிய அளவுக்கு எதிரே ஒரு சின்ன மின்தடையைப் பற்றவைத்திருப்பார்கள். அதையும் நெருக்கமாக ஒரு படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.